ஓட்டல் அல்லாத ஓட்டல்: பாரிஸின் சால்ம் மாளிகை

நமக்கு ஓட்டல் என்றால் முதலில் இட்லி, அப்புறம்தான் ரூம். இந்தப் பழக்கத்தோடு பாரிஸ் வரைபடத்தை விரித்தால் குழப்பம்தான். ‘ஒத்தெல் த வீல்’ என்று ஓரிடத்தில் போட்டிருக்கும்; அது மாநகராட்சி அலுவலகம். நோத்ர் தாம் தேவாலயத்துக்குப் பக்கத்தில் ‘ஒத்தெல் தியூ’ என்று ஒன்று, அது ஆஸ்பத்திரி. சேன் நதியின் தென்கரையில் ‘ஒத்தெல் மத்தின்யோன்’. அதில் இருப்பவர் பிரான்சின் பிரதமர். புதுச்சேரிக்காரர்களுக்கு இந்தக் குழப்பம் கொஞ்சம் குறைவாக இருக்கும். கடற்கரைச் சாலையில் நிற்கும் மேரி கட்டடத்தை ‘ஒத்தெல் த வீல்’ என்றும் சொல்வார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும்.

விருந்தாளியைக் குறிக்கும் ஒரே லத்தீன் வேரிலிருந்துதான் ஹாஸ்பிடலும் வந்தது, ஹோட்டலும் வந்தது. பழைய பிரெஞ்சில் ஒத்தெல் என்றால் பெரிய வீடு, அவ்வளவுதான். காசு கொடுத்துத் தங்குவது என்ற பொருள் பிறகு ஒட்டிக்கொண்டது. ஒரே குடும்பத்துக்காக நகரத்துக்குள் கட்டப்பட்ட மாளிகையைத் தனியாகச் சுட்ட வேண்டி வந்தபோது ‘ஒத்தெல் பர்த்திகுலியே’ என்றார்கள். தனியாருக்குரிய ஒத்தெல் என்று பொருள். இந்தக் கட்டுரை அப்படிப்பட்ட ஒரு வீட்டைப் பற்றியது. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில், புரட்சிக்கு இரண்டு வருடம் முன்னால் கட்டி முடித்த சால்ம் மாளிகை. நியோகிளாசிக் என்று சொல்கிறார்களே, அது ஒரு வீட்டில் எப்படி வேலை செய்கிறது என்று காட்ட இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் சால்ம் மாளிகை எந்த விதிகளை மீறியது என்பதில்தான் அதன் சுவாரஸ்யம் இருக்கிறது. அதனால் முதலில் விதிகள்.

முன்னால் முற்றம், பின்னால் தோட்டம்

பிரெஞ்சுப் பிரபுவுக்குக் கிராமத்தில் ஒரு ‘ஷாத்தோ’ இருக்கும். நிலம், வருமானம், வேட்டை எல்லாம் அங்கே. நகரத்தில் ஒரு ஒத்தெல் இருக்கும். அரசவைத் தொடர்பு, கல்யாணப் பேச்சு, வழக்கு, சூதாட்டம் எல்லாம் இங்கே. லண்டனில் பணக்காரர் வீடுகள் பலவும் ஒன்றோடொன்று ஒட்டி, தெருவைப் பார்த்து வரிசையாக நிற்கும். கதவைத் திறந்தால் நடைபாதை. பாரிஸ் பிரபுவுக்கு அது பிடிக்காது. அவர் வீடு தெருவிலிருந்து விலகி உள்ளே தள்ளி நிற்கும்.

தெருவில் நடந்துபோகிறவனுக்குத் தெரிவது ஓர் உயரமான சுவர். நடுவில் குதிரை வண்டி நுழையும் அளவுக்குப் பெரிய வாசல். அதை ‘போர்த் கொஷேர்’ என்பார்கள், வண்டி வாசல். கதவு திறந்தால் கல் பாவிய முற்றம். வண்டி அதில் அரைவட்டம் அடித்துத் திரும்பி, எதிரே உள்ள பிரதான கட்டடத்தின் படிக்கட்டருகே நிற்கும். இரண்டு பக்கமும் தாழ்ந்த கட்டடங்கள். சமையலறை ஒரு பக்கம், லாயம் ஒரு பக்கம். வசதி இருந்தால் லாயத்துக்கென்று தனியாக இன்னொரு சிறு முற்றமும் உண்டு. குதிரைச் சாணத்தின் வாடை விருந்தாளியின் மூக்கை எட்டக் கூடாதல்லவா. பிரதான கட்டடத்தைத் தாண்டினால் தோட்டம். வரவேற்பு அறைகளெல்லாம் அந்தத் தோட்டத்தைப் பார்த்துத் திறக்கும்.

இந்த அமைப்பை பிரெஞ்சுக்காரர்கள் சுருக்கமாக ‘முற்றத்துக்கும் தோட்டத்துக்கும் நடுவே’ என்று சொல்வார்கள். வீட்டின் அழகான முகம் தெருவுக்குக் கிடையாது. பாதி அழகு முற்றம் வரை வர அனுமதி உள்ளவனுக்கு, மீதி அழகு வீட்டுக்குள் வர அனுமதி உள்ளவனுக்கு. யார் எவ்வளவு பார்க்கலாம் என்று கணக்குப் போட்டுக் கட்டிய வீடு இது.

உள்ளேயும் அதே கணக்குதான். அறைகள் ஒன்றுக்குப் பின் ஒன்றாக வரிசையில் இருக்கும். கதவுகள் எல்லாம் ஜன்னல் பக்கமாக ஒரே நேர்கோட்டில் அமைந்திருப்பதால், எல்லாவற்றையும் திறந்துவிட்டால் முதல் அறையிலிருந்து கடைசி அறைச் சுவர் வரை கண் ஓடும். முதலில் காத்திருப்பு அறை. பிறகு வரவேற்பறை. அதற்கும் உள்ளே படுக்கையறை, அதற்கும் உள்ளே சின்ன எழுத்தறை. நீ எந்த அறை வரை போனாய் என்பதே உன் அந்தஸ்து. காத்திருப்பு அறையிலேயே பேசி அனுப்பப்பட்டால் ஊர் முழுக்கப் பேச்சாகிவிடும்.

அந்தக் காலத்தில் பாரிஸில் கட்டடக்கலை கற்பித்த ஆசிரியர்களில் பெரிய பெயர் ழாக்-பிரான்ஸ்வா ப்ளொந்தேல். ஒரு பெரிய வீட்டில் மூன்று வகை அறைத்தொகுதி வேண்டும் என்பது அவர் பாடம். பகட்டுக்கு ஒன்று, நண்பர்களோடு பழக ஒன்று, நிஜமாகவே வாழ ஒன்று. மூன்றாவதில்தான் மனிதர்கள் குளிருக்கு இதமாக இருந்தார்கள். பகட்டு அறைகளின் கூரை அவ்வளவு உயரம். கணப்பு எரிந்தாலும் சூடு மேலே போய்விடும்.

இந்த உயரப் பிரச்சினையை பாரிஸ்காரர்கள் எப்படிச் சமாளித்தார்கள் என்பதை ஒரு அமெரிக்கர் நன்றாகக் குறித்து வைத்திருக்கிறார். தாமஸ் ஜெஃபர்சன். அவரைப் பற்றிப் பின்னால் நிறையப் பேச வேண்டியிருக்கிறது. 1797-ல் வீடு கட்டப்போகும் ஒரு நண்பருக்கு எழுதிய கடிதத்தில் அவர் சொல்வது: பாரிஸில் புதிதாகக் கட்டும் நல்ல வீடுகளெல்லாம் ஒரே மாடி. வரவேற்பு அறைகளுக்கு 16 முதல் 18 அடி உயரம் முழுவதையும் கொடுத்துவிடுவார்கள். படுக்கையறைகள் வரும் பகுதியில் அதே உயரத்தை இரண்டாகப் பிரித்து, 8 முதல் 10 அடி உயரத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு அடுக்கு போட்டு, நடுவில் ஒரு சின்னப் படிக்கட்டு வைத்துவிடுவார்கள். வெளியே பார்த்தால் ஒரு மாடி, உள்ளே போனால் இரண்டு. பரணை வீடாக்கிய கதைதான், ஆனால் வெகு கச்சிதம்.

சங்குச் சுருளிலிருந்து தூணுக்கு

இனி பாணி. நியோகிளாசிக் என்றால் பழைய கிரேக்க, ரோமானியக் கட்டடக்கலையைப் புதிதாக எடுத்துக் கையாள்வது. தூண், உத்திரம், முக்கோண முகப்பு என்ற மூன்றையும் வைத்துக்கொண்டு வாழ்ந்த கலை அது. தூணின் தலையை வைத்து வகை பிரிப்பார்கள். தலையில் ஒரு வெறும் பலகைபோல் இருந்தால் தோரியம். இரண்டு பக்கமும் ஆட்டுக்கிடாக் கொம்புபோலச் சுருண்டிருந்தால் அயோனியம். இலைகள் அடுக்கடுக்காக விரிந்திருந்தால் கொரிந்தியம். இந்த மூன்றும் தெரிந்தால் பாதி பாரிஸைப் படித்துவிடலாம்.

ஆனால் பிரான்சில் தூண்கள் முன்பே இருந்தனவே, இதில் என்ன புதிது? இதைப் புரிந்துகொள்ள, அது எதற்கு எதிர்வினையாக வந்தது என்று பார்க்க வேண்டும். 1730-களில் பாரிஸின் நாகரிகம் ரொக்கோக்கோ. சுபீஸ் மாளிகையில் ஜெர்மேன் பொஃப்ரான் அமைத்த நீள்வட்ட அறை இன்றும் அப்படியே இருக்கிறது. அதற்குள் நின்று பார்த்தால் சுவர் எங்கே முடிகிறது, கூரை எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. நடுவில் தங்கக் கொடிகள், சங்குச் சுருள்கள், குழந்தைத் தேவதைகள் எல்லாம் கோட்டை அழித்துவிடும். எனக்கு அந்த அறை பிடிக்கும். ஆனால் ஒரு தலைமுறை முழுக்க அதையே பார்த்துச் சலித்தவர்களின் எரிச்சலையும் புரிந்துகொள்ள முடிகிறது.

இத்தாலியில் 1738-ல் ஹெர்குலேனியத்தையும் 1748-ல் பொம்பெயியையும் தோண்டத் தொடங்கினார்கள். எரிமலைச் சாம்பலுக்கு அடியிலிருந்து ரோமானியர் வீடுகளே வெளியே வந்தன. அதுவரை ரோமானியக் கலை என்றால் கோயிலும் வெற்றி வளைவும்தான். அவர்கள் எப்படிக் குடியிருந்தார்கள் என்பது இப்போது கண்முன் வந்தது. 1749-ல் மன்னரின் கட்டடத் துறைக்குத் தலைமை ஏற்கப்போகும் மரின்யி என்ற இளைஞரை, ரசனை வளரட்டும் என்று இத்தாலிக்கு அனுப்பினார்கள். கூடப் போனவர்களில் ஒருவர் சுஃப்லோ. இன்று பாந்தியோன் என்று அழைக்கப்படும் கட்டடத்தைப் பின்னால் வடிவமைத்தவர். 1753-ல் லொஜியே என்ற பாதிரியார் ஒரு சிறு நூல் எழுதினார். கட்டடக்கலையின் மூலம் ஒரு குடிசை என்றார். நான்கு மரங்கள் தூணாயின, குறுக்கே போட்ட கட்டைகள் உத்திரமாயின, சரிந்த கூரை முக்கோண முகப்பாயிற்று. இதற்கு மேல் ஒட்டவைப்பதெல்லாம் வேண்டாதது. தூண் என்றால் பாரம் தாங்க வேண்டும். சுவரில் பாதி புதைந்து நின்று அலங்காரம் காட்டும் தூணை அவர் ஒப்புக்கொள்ளவே இல்லை.

பத்து வருடத்தில் காற்று திரும்பிவிட்டது. கிரேக்கப் பாணி என்ற பெயரில் மூக்குப்பொடி டப்பாவிலிருந்து தலையலங்காரம் வரை எல்லாம் விற்றது. பெரும்பாலும் அவற்றுக்கும் கிரேக்கத்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

வீடுகளில் இந்த மாற்றம் எப்படித் தெரிந்தது? கூரை மறைந்தது. செங்குத்தான பழைய ஸ்லேட் கூரைகளுக்குப் பதில், தாழ்ந்த கூரையை ஒரு கைப்பிடிச் சுவருக்குப் பின்னால் ஒளித்தார்கள். கட்டடம் மேலே ஒரு நேர்க்கோட்டில் முடிந்தது. வளைந்து நெளிந்த ஜன்னல் தலைகள் போய் செவ்வகம் வந்தது. வெறும் சுவருக்கு மரியாதை வந்தது. பாரிஸின் சுண்ணாம்புக்கல் வெட்டினால் மென்மையாகவும் காற்றுப் பட்டால் இறுகியும் போகிற தேன்நிறக் கல். அதை மெழுகினாற்போல் அடுக்கி, நடுவில் ஒரே ஒரு சிற்பப் பட்டையை வைத்தால் போதும் என்ற தைரியம் வந்தது. வெர்சாயில் கப்ரியேல் என்ற கட்டடக்கலைஞர் 1762 முதல் 1768 வரை கட்டிய ‘சின்ன த்ரியானோன்’ என்ற சிறு மாளிகை இந்த ரசனைக்கு முதல் பெரிய அத்தாட்சி.

கடனில் எழுந்த மாளிகை

மூன்றாம் ஃபிரடரிக், சால்ம்-கிர்பூர்க் இளவரசர். ஜெர்மன் பிரபு. அவருடைய நாடு சின்னது, செலவு பெரியது. பாரிஸில் பெரிய மனிதராக வாழ வேண்டும் என்ற ஆசையில் 1782-ல் சேன் நதியின் தென்கரையில் மனை பிடித்து வீடு கட்டத் தொடங்கினார். கட்டியவர் பியேர் ரூசோ. தத்துவவாதி ரூசோ இல்லை. ரோமில் படித்துவிட்டு வந்திருந்த ஓர் இளம் கட்டடக்கலைஞர். 1787-ல் வேலை முடிந்தது. பெரும்பாலும் கடன் காசு. அதே 1787-ல் இளவரசர் நெதர்லாந்தில் உத்ரெக்ட் நகரைக் காப்பதாகப் பொறுப்பேற்றுக்கொண்டு, பிரஷ்யப் படை வருகிறது என்றதும் நகரைக் கைவிட்டு வெளியேறினார் என்பதையும் சேர்த்துச் சொன்னால் ஆள் எப்படி என்று பிடிபடும்.

மனையின் ஒரு முனை தெருவில், இன்றைய லீல் தெரு. மறுமுனை நதிக்கரையில். வழக்கப்படி தெருவில் உயர்ந்த சுவர் வர வேண்டும். ரூசோ அங்கே ஒரு ரோமானிய வெற்றி வளைவை நிறுத்தினார். ரோமில் போரில் ஜெயித்த பேரரசருக்கு எழுப்புகிற வளைவு. இங்கே அது வண்டி வாசல். வளைவின் இரண்டு பக்கமும் அயோனியத் தூண்களின் வரிசை. சுவர் போய்த் தூண் வந்ததும், தெருவில் போகிறவன் பார்வை மறைப்பில்லாமல் முற்றத்துக்குள் நுழைந்தது. இந்த யோசனை ரூசோவின் சொந்தச் சரக்கில்லை. பத்து வருடம் முன்பு ழாக் கொந்துவான் பாரிஸின் அறுவை மருத்துவப் பள்ளியைக் கட்டியபோது தெருப்பக்கம் இதே போல அயோனியத் தூண் வரிசையை வைத்திருந்தார். ஆனால் அது பொதுக் கட்டடம். ஒரு தனி மனிதர் தன் வீட்டை இப்படித் திறந்து காட்டியது துணிச்சல், அல்லது கொழுப்பு. எனக்கு இரண்டும் கலந்ததாகத்தான் தோன்றுகிறது.

முற்றத்தைச் சுற்றி அந்தச் சிறு தூண்கள் தாழ்வாரமாக ஓடுகின்றன. மழையில் நனையாமல் வாசலிலிருந்து வீடு வரை நடக்கலாம். எதிரே பிரதான கட்டடத்தின் முகமண்டபத்தில் தூண்கள் சட்டென்று உயர்ந்துவிடும். சுற்றிலும் ஓடும் சின்ன வரிசைதான் நடுவில் நிற்பதைப் பெரிதாகக் காட்டுகிறது. கட்டடம் உண்மையில் அவ்வளவு பெரியதில்லை. பக்கத்தில் சின்னதை நிறுத்திப் பெரிதாகக் காட்டும் இந்த வித்தை நியோகிளாசிக் கலைஞர்களின் கைப்பழக்கம்.

நதிப்பக்கம் போனால் வேறு வீடு. தெருப்பக்கத்தின் விறைப்பு இங்கே இல்லை. நீளமான, தாழ்ந்த, ஒரே மாடிபோலத் தோன்றும் முகப்பு. அதன் நடுவிலிருந்து ஓர் அரைவட்டம் நதியை நோக்கி வயிறு தள்ளியதுபோல வெளியே வருகிறது. அதைச் சுற்றிக் கொரிந்தியத் தூண்கள், தூண்களுக்கு மேலே வரிசையாகச் சிலைகள், அவற்றுக்குப் பின்னால் தட்டையான ஒரு குவிமாடம். இரண்டு பக்கச் சுவர்களிலும் வட்ட மாடங்கள், அவற்றில் மார்பளவுச் சிலைகள். இந்த அரைவட்டத்துக்குப் பின்னால் இருப்பது வட்ட வரவேற்பறை. வெளியே தெரியும் வளைவு வெறும் ஒப்பனையில்லை. உள்ளே இருக்கும் அறையின் உருவமே வெளியே புடைத்துத் தெரிகிறது. ஜன்னல்கள் தரைவரை இறங்குவதால் அறையிலிருந்து அப்படியே மேடைக்கும் தோட்டத்துக்கும் நடந்துவிடலாம். அதற்கப்பால் நதி, நதிக்கப்பால் துயிலரி அரசத் தோட்டம்.

லொஜியே பாதிரியார் இதைப் பார்த்திருந்தால் முகம் சுளித்திருப்பார். அரைவட்டத்தைச் சுற்றியுள்ள தூண்கள் பாதி சுவரில் புதைந்தவை. தாங்குவது சுவர், தூணில்லை. கோட்பாடு ஒன்று, கண்ணுக்கு அழகு இன்னொன்று. வளைந்த சுவரில் நிழல் தூணுக்குத் தூண் மாறிக்கொண்டே போவதைப் பார்த்தால் ரூசோவின் பக்கம்தான் சேரத் தோன்றும்.

ஆக, முற்றமும் இருக்கிறது, தோட்டமும் இருக்கிறது, நடுவில் வீடும் இருக்கிறது. விதியின் எலும்புக்கூடு அப்படியே. மாறியது ஒன்றுதான். ஒளித்துவைக்க வேண்டிய வீடு இரண்டு பக்கமும் ஊருக்குத் தன்னைக் காட்டிக்கொண்டு நின்றது.

கழுத்துச் சுளுக்கு

அக்கரையிலிருந்து அதைப் பார்த்து மயங்கியவர்தான் ஜெஃபர்சன். அப்போது அவர் பாரிஸில் அமெரிக்கத் தூதர். பின்னால்தான் அமெரிக்க ஜனாதிபதி. ஷாம்ப்செலிஸேயில் வாடகைக்கு எடுத்த ஒத்தெல் ஒன்றில் குடியிருந்தார். 1787 மார்ச் 20-ஆம் தேதி, தெற்கே நீம் நகரிலிருந்து மதாம் த தெஸ்ஸே என்ற தோழிக்கு எழுதிய கடிதத்தில் தன் காதலை ஒப்புக்கொள்கிறார். சால்ம் மாளிகைமேல் தனக்குப் பித்துப் பிடித்துவிட்டது. அதைப் பார்ப்பதற்காகவே ஏறக்குறைய தினமும் துயிலரி தோட்டத்துக்குப் போவேன் என்கிறார். தோட்டத்தில் நாற்காலி வாடகைக்கு விடும் பெண் ஒருத்தி இருந்தாள். இவருடைய மோகம் அவளுக்குப் புரியவில்லை. அந்தப் பக்கம் ஒரு நாற்காலி போட்டுக் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. வேறு வழியில்லாமல் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து, கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, கடைசியில் கழுத்துச் சுளுக்கோடு வீடு திரும்புவாராம்.

அந்தச் சுளுக்கு வீண்போகவில்லை. வர்ஜீனியாவில் மலைமேல் அவர் கட்டிய மொன்டிசெல்லோ வீட்டை 1796-லிருந்து பிரித்து மாற்றத் தொடங்கினார். நடுவில் குவிமாடம் வந்தது. மூன்று மாடி வீட்டை வெளியே ஒரே மாடியாகக் காட்ட, மேல்மாடி ஜன்னலைக் கீழ்மாடி ஜன்னலோடு சேர்த்து ஒரே நீள ஜன்னல்போல அமைத்தார். அதனால் மாடிப் படுக்கையறைகளில் ஜன்னல் தரையை ஒட்டி முட்டிக்கால் உயரத்தில் இருக்கிறது. மாடிப்படியின் அகலம் 2 அடி. பெட்டி படுக்கையோடு அதில் ஏற வேண்டியிருந்தவர்கள் பாரிஸ் ரசனையைப் பற்றி என்ன நினைத்திருப்பார்களோ. அந்த வீட்டில் சுமந்தவர்கள் பெரும்பாலும் அடிமைகள் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

கில்லட்டின், நெருப்பு, வசூல்

1789-ல் புரட்சி வந்தது. இளவரசர் புரட்சியின் பக்கமே சாய்ந்து, தேசியக் காவல்படையில் சேர்ந்தார். அது அவரைக் காப்பாற்றவில்லை. 1794 ஜூலை 23-ஆம் தேதி கில்லட்டினில் தலை போயிற்று. நான்கே நாளில், ஜூலை 27-ஆம் தேதி, புரட்சி அரசின் தலைவர்களில் ஒருவரான ரொபெஸ்பியர் வீழ்ந்து, கில்லட்டினால் நடந்த பயங்கர ஆட்சி முடிந்தது. இளவரசரின் உடலை பிக்புஸ் என்ற இடத்தில் மற்றவர்களோடு சேர்த்து ஒரே குழியில் தள்ளினார்கள். அந்த நிலத்தைப் பின்னாளில் ரகசியமாக விலைக்கு வாங்கிப் பாதுகாத்தவர் அவருடைய தங்கை அமலியா.

வீடு கைமாறியது. 1797-ல் அது அரசியல் மன்றமானது. பெஞ்சமின் கான்ஸ்தான் போன்ற குடியரசுவாதிகள் கூடிய ‘சால்ம் கிளப்’ பெயர் வாங்கியது இந்தக் கூரைக்குக் கீழேதான். 1804-ல் லெஜியன் தொனர் அமைப்பு அதை வாங்கியது. நெப்போலியன் 1802-ல் உருவாக்கிய விருது அமைப்பு அது. சிவாஜி காலத்திலிருந்து நமக்குப் பழகிய ‘செவாலியே’ என்பது தனி விருதின் பெயரில்லை, படிநிலையின் பெயர். வெவ்வேறு பிரெஞ்சு விருதுகளில் அந்தப் படி உண்டு, லெஜியன் தொனரின் முதல் படியும் அதுதான். அமைப்பின் முதல் தலைவர் லாசெபேத், பாம்பையும் மீனையும் ஆராய்ச்சி செய்த இயற்கை விஞ்ஞானி. மாளிகையில் குடியேறியவர்களில் அவரைத்தான் எனக்கு அதிகம் பிடிக்கிறது.

1871 மே மாதம், பாரிஸ் கம்யூனின் கடைசி வாரம். அரசுக்கு எதிராக எழுந்து நகரைத் தங்கள் கையில் வைத்திருந்த கலகக்காரர்களின் ஆட்சிதான் கம்யூன். அரசுப் படை நகருக்குள் நுழைந்தபோது கம்யூனார்கள் அரசக் கட்டடங்களுக்குத் தீ வைத்தார்கள். மே 23 இரவு நதியின் இரண்டு கரையும் எரிந்தன. அக்கரையில் துயிலரி அரண்மனை, இக்கரையில் சால்ம் மாளிகை, அதற்கு அடுத்திருந்த ஒர்சே அரண்மனை. உள்ளறைகள் சாம்பலாகின. கல் சுவர்கள் நின்றன.

மூன்று கட்டடங்களுக்கும் மூன்று விதி. துயிலரி அரண்மனையின் சிதிலத்தை 1883-ல் இடித்துத் தள்ளினார்கள். தோட்டம் மட்டும் மிச்சம். ஒர்சே அரண்மனையின் இடிபாட்டில் செடி முளைத்துக் காடாகி, கடைசியில் அந்த இடத்தில் 1900-ல் ரயில் நிலையம் வந்தது. அதுதான் 1986 முதல் ஒர்சே அருங்காட்சியகம். சால்ம் மாளிகைக்கு மட்டும் ஆள் இருந்தது. விருது பெற்றவர்கள் தங்களுக்குள் பணம் வசூலித்து அதை மறுபடி எழுப்பினார்கள். கட்டடக்கலைஞர் அனஸ்தாஸ் மோர்த்தியே வெளித்தோற்றத்தை ரூசோ கட்டியபடியே வைத்தார். உள்ளே அவர் தன் காலத்து ரசனையில் புதிதாகச் செய்தார். அதனால் இன்று உள்ளே பார்க்கும் தங்கப் பூச்சும் கூரை ஓவியமும் சால்ம் இளவரசர் பார்த்தவையல்ல. 1925-லிருந்து பதக்கங்களின் அருங்காட்சியகம் ஒன்றும் அங்கே நடக்கிறது. ரூசோ காலத்து உள்ளறை எப்படி இருந்திருக்கும் என்று பார்க்க விரும்பினால் கார்னவலே அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும். உசேஸ் மாளிகைக்காக லெது என்ற கட்டடக்கலைஞர் செய்த வெள்ளையும் தங்கமுமான மரச்சுவர்களை அங்கே கழற்றிக் கொண்டுவந்து பொருத்தியிருக்கிறார்கள்.

இந்த வீட்டுக்கு நகல்களும் உண்டு. சான் பிரான்சிஸ்கோவில் 1924-ல் திறந்த கலை அருங்காட்சியகம் இதைப் பார்த்து முக்கால் பங்கு அளவில் கட்டியது. கடலைப் பார்த்த மேட்டில், மூடுபனிக்குள் அதே வளைவு, அதே தூண்வரிசை. ஆனால் ஒரு நெரிசலான தெருவிலிருந்து தூண்களுக்கு நடுவே எட்டிப் பார்க்கும் சுகம் அங்கே கிடைக்காது. சுற்றிலும் ஒரே வெட்டவெளி.

பாரிஸ் போகிறவர்கள் ஒர்சே அருங்காட்சியகத்தின் நீண்ட வரிசையில் நிற்கும்போது எதிரே இருப்பது என்னவென்று கவனிப்பதில்லை. சிறு தெரு ஒன்றைத் தாண்டினால் அதுதான். முதலில் லீல் தெருப்பக்கம் போய் வளைவையும் முற்றத்தையும் பாருங்கள். பிறகு நதிக்கரைக்கு வந்து, செனகல் நாட்டின் முதல் ஜனாதிபதி செங்கோரின் பெயர் தாங்கிய நடைபாலத்தில் ஏறி அக்கரை போங்கள். பாலத்தின் நடுவில் திரும்பினால் குவிமாடமும் அரைவட்டமும் முழுதாகத் தெரியும். அதன் கீழே ‘கௌரவமும் தாய்நாடும்’ என்று பொருள்படும் வாசகம், அது இளவரசர் காலத்தில் இல்லாதது. பாலம் முடிந்ததும் துயிலரி தோட்டம். நதியை ஒட்டி உயர்ந்த மேடை ஒன்று தோட்டத்தின் நீளத்துக்கு ஓடுகிறது. ஜெஃபர்சன் உட்கார்ந்த கைப்பிடிச் சுவர் அந்தப் பக்கம்தான். தோட்டத்தில் பச்சை நிற இரும்பு நாற்காலிகள் நிறையக் கிடக்கின்றன. வாடகை கேட்க யாரும் வருவதில்லை. வேண்டிய பக்கம் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம்.